நவீன உலக வரலாறு: பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

"1923-ல் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு அதலபாதாளத்துக்குப் போனது. கொதித்துப்போன மக்கள் ஹிட்லரை ஆட்சியில் உட்கார வைத்தார்கள்."

மாணவர்களின் விடைத்தாள்களில் இந்த இரண்டு வரிகளை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பணவீக்கம் வந்தது உண்மைதான். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. ஹிட்லர் வந்ததும் உண்மைதான். ஆனால் அவர் சான்சலராக (பிரதமர் போன்ற பதவி) பதவியேற்றது 1933 ஜனவரி 30-ல். நடுவே கிட்டத்தட்ட பத்து வருடங்கள் இருக்கின்றன. அதிலும் 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு விழுந்த ஓட்டு வெறும் 2.6 சதவீதம். பணவீக்கம்தான் காரணம் என்றால், மக்களின் அந்தக் கோபம் 1928-ல் எங்கே போயிருந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த மாணவருக்கு வரலாறு வந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்வேன். "இது ஏன் அப்போது நடந்தது? ஏன் அதற்கு முன்னால் நடக்கவில்லை?" எந்தப் பாடத்தையும், எந்தச் சான்றையும், எந்தத் தேர்வுக் கேள்வியையும் இந்த ஒரே கேள்வியால் திறக்க முடியும். கீழே வரும் படிகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

படி 1: பாடத்திட்டத்தை முதலில் படியுங்கள்

பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பு பாடத்திட்ட ஆவணத்தையும் கடந்த நான்கைந்து வருடக் கேள்வித்தாள்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டால் போதும். எந்தப் பகுதியை ஆழமாகப் படிக்க வேண்டும், எதை மேலோட்டமாகப் படித்தால் போதும்? சான்று கொடுத்துக் கேட்கும் கேள்விகள் உண்டா, கட்டுரை மட்டும்தானா? எத்தனை கேள்விக்கு எத்தனை நிமிடம்? மதிப்பெண் வழங்கும் விதிமுறைகள் வெளியிடப்பட்டிருந்தால் அவற்றையும் படியுங்கள். நிறைய தகவல் எழுதினால் நிறைய மதிப்பெண் என்ற எண்ணம் அதைப் படித்த அன்றே போய்விடும்.

படி 2: ஒரே தாளில் முதுகெலும்பு

இருநூறு தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். இருபது, இருபத்தைந்து போதும். ஆனால் அவை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி 1789, வியன்னா மாநாடு 1815, ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்த 1848, ஜப்பானில் மெய்ஜி மீட்சி 1868, ஜெர்மனி ஒன்றுபட்ட 1871, ஆப்பிரிக்காவைப் பங்குபோட விதி வகுத்த பெர்லின் மாநாடு 1884–85, ரஷ்யாவை ஜப்பான் தோற்கடித்த 1905, பிறகு முதல் உலகப் போர் தொடங்கிய 1914, ரஷ்யப் புரட்சி 1917, வெர்சாய் உடன்படிக்கை 1919, பங்குச்சந்தை சரிந்த 1929, ஹிட்லர் பதவிக்கு வந்த 1933, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939, அது முடிந்த 1945, ட்ரூமன் கோட்பாடு 1947, நேட்டோ உருவான 1949, சூயஸும் ஹங்கேரியும் 1956, கியூபா ஏவுகணை நெருக்கடி 1962, பெர்லின் சுவர் திறந்த 1989, சோவியத் ஒன்றியம் கலைந்த 1991. உங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்றபடி சிலவற்றைச் சேர்க்கலாம், சிலவற்றை எடுத்துவிடலாம்.

இந்தத் தாளை நாடுவாரியாக எழுதாதீர்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆண்டுகள். ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கவாட்டில் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று கட்டங்கள். புத்தகம் ஒவ்வொரு நாட்டையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கும். உலகம் அப்படிப் பிரிந்து நடக்கவில்லை.

1956-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் மூடிய அறையில், மறைந்த முந்தைய தலைவர் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசுகிறார். ஜூலை 26-ல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்குகிறார். அக்டோபர் 23-ல் ஹங்கேரியில் கிளர்ச்சி தொடங்குகிறது. அக்டோபர் 29-ல் இஸ்ரேல் எகிப்துக்குள் நுழைகிறது. பிரிட்டனும் பிரான்சும் பின்னாலேயே வருகின்றன. நவம்பர் 4-ல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் பாய்கின்றன. நவம்பர் 6-ல் சூயஸில் சண்டையை நிறுத்த பிரிட்டன் ஒப்புக்கொள்கிறது. அதே நாளில்தான் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். ஐசன்ஹோவர் மறுபடியும் ஜெயிக்கிறார்.

புத்தகத்தில் ஹங்கேரி பனிப்போர் அத்தியாயத்திலும், சூயஸ் காலனி ஆட்சிகளின் முடிவைப் பற்றிய அத்தியாயத்திலும் இருக்கும். நடுவே நூறு பக்கம் இருக்கலாம். ஒரே தாளில் பார்த்தால்தான், தன் கூட்டாளிகளே எகிப்தைத் தாக்கிக்கொண்டிருந்த வாரத்தில் ஹங்கேரிக்காக அமெரிக்கா குரல் கொடுத்தது எவ்வளவு வலுவிழந்து ஒலித்திருக்கும் என்று புரியும். இந்த ஒரு இணைப்பை நீங்களாகவே கண்டுபிடித்தால் அது மறக்கவே மறக்காது.

படி 3: ஒரு அத்தியாயத்தை மூன்று தடவை படிப்பது

முதல் தடவை கையில் பேனா வேண்டாம். கதை மாதிரி படியுங்கள். யார், எங்கே, அப்புறம் என்ன ஆனது என்று மட்டும் பாருங்கள். வண்ண வண்ணப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே படிப்பது வேலை செய்த திருப்தியைத் தரும். மனதில் ஒன்றும் நிற்காது.

இரண்டாவது தடவை நோட்டைத் திறந்து இடப்பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள், சுருக்கமாக, தேதியோடு. வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள்.

மூன்றாவது தடவை புத்தகத்தை மூடிவிட்டு வலப்பக்கத்தை நிரப்புங்கள். அங்கே கேள்விகள் மட்டும்தான் வர வேண்டும்: ஏன் அப்போது? வேறு என்ன நடந்திருக்க முடியும்? இது நடக்காமல் போயிருந்தால் அடுத்தது நடந்திருக்குமா?

ஜெர்மனி அத்தியாயத்தை வைத்தே செய்து காட்டுகிறேன், ஏனென்றால் பல பாடத்திட்டங்களில் அது உண்டு. இடப்பக்கத்தில் நாஜிக் கட்சியின் ஓட்டு விகிதம்:

1928 – 2.6 சதவீதம்
1930 – 18.3 சதவீதம்
1932 ஜூலை – 37.3 சதவீதம்
1932 நவம்பர் – 33.1 சதவீதம்

இந்த நான்கு எண்களை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். 1928-க்கும் 1930-க்கும் நடுவே என்ன நடந்தது? 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அதுவரை ஜெர்மனியின் பொருளாதாரம் அமெரிக்கக் கடனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடன் வற்றியது, தொழிற்சாலைகள் மூடின, 1932 வாக்கில் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். ஆக, ஓட்டைத் திரட்டித் தந்தது 1923-ன் பணவீக்கம் இல்லை, 1929-க்குப் பிந்தைய பெருமந்தம்.

சரி, அப்படியானால் பணவீக்கத்துக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது, மறைமுகமாக. நடுத்தர வர்க்கத்தின் வாழ்நாள் சேமிப்பு 1923-ல் கரைந்துபோயிருந்தது. அதே மக்கள் ஆறேழு வருடத்தில் இரண்டாவது அடியும் வாங்கியபோது, குடியரசின் மேல் அவர்களுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. இன்னொன்று: மறுபடி பணவீக்கம் வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துதான் சான்சலர் ப்ரூனிங் அரசு, பெருமந்தத்தின் நடுவிலும் செலவை வெட்டிக்கொண்டே போனது. இப்படி எழுதினால் அது விடை. "பணவீக்கம், அதனால் ஹிட்லர்" என்பது விடை அல்ல.

இப்போது கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். 1932 நவம்பரில் நாஜிகளின் ஓட்டு குறைந்திருக்கிறது. இறங்கிக்கொண்டிருந்த கட்சியின் தலைவர் மூன்றே மாதத்துக்குள் சான்சலர் ஆனது எப்படி? ஓட்டை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. முன்னாள் சான்சலர் பாப்பன், அதிபர் ஹிண்டன்பர்க், அவர்களைச் சுற்றியிருந்த பழமைவாதிகள் எல்லாரும் ஹிட்லரைப் பதவியில் வைத்துக்கொண்டே கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். முதல் அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்று பேர்தான். கணக்கு எவ்வளவு பயங்கரமாகத் தப்பியது என்பது அடுத்த எட்டு வாரத்தில் தெரிந்தது. பிப்ரவரி 27-ல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசர ஆணை வந்து குடிமக்களின் அடிப்படை உரிமைகளை முடக்கியது. மார்ச் 23-ல், நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் இயற்ற அரசுக்கு அதிகாரம் தந்த அதிகாரமளிப்புச் சட்டம் நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டும்தான், 94 பேர்.

"ஹிட்லர் எப்படி ஆட்சிக்கு வந்தார்?" என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பது இப்போது தெரிகிறதா? ஓட்டு எப்படி வந்தது, பதவி எப்படி வந்தது, சர்வாதிகாரம் எப்படி வந்தது. மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. உங்கள் வலப்பக்கம் இப்படித்தான் நிரம்ப வேண்டும்.

படி 4: வரைபடத்தைக் கையால் வரையுங்கள்

பெர்லின் எங்கே இருந்தது என்று கேட்டால், கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நகரத்துக்கு நடுவே சுவர் எழுந்ததால் வந்த குழப்பம் அது. உண்மையில் பெர்லின் முழுக்க முழுக்க சோவியத் மண்டலத்துக்கு (போருக்குப் பின் சோவியத் படைகள் வசமிருந்த கிழக்கு ஜெர்மனிக்கு) உள்ளே, மேற்கு எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது; நகரத்தின் மேற்குப் பகுதி மட்டும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வசம். இதை ஒரு தடவை உங்கள் கையால் வரைந்துவிட்டால் 1948–49 முற்றுகை தானாகப் புரியும். சாலையையும் ரயிலையும் அடைத்தாலே மேற்கு பெர்லினைப் பட்டினி போடலாம் என்று ஸ்டாலின் ஏன் நினைத்தார், விமானத்தில் நிலக்கரி வரை கொண்டுபோய் இறக்க வேண்டிய நிலை ஏன் வந்தது, 1961-ல் எழுந்த சுவர் மேற்கு பெர்லினை ஏன் வளையமாகச் சுற்றி நின்றது என்று எல்லாம் விளங்கும்.

1914, 1923, 1942, 1949, 1991 ஆகிய ஐந்து வருடங்களுக்கு ஐந்து வரைபடம் போதும். அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்த எல்லை மறைந்தது, எது புதிதாக முளைத்தது என்று வேறு நிறத்தில் காட்டுங்கள். 1914-ல் இருந்த நான்கு பேரரசுகள் (ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, உதுமானியப் பேரரசு) 1923 வரைபடத்தில் இருக்காது.

படி 5: சான்றைப் படிக்கும் முறை

"இந்தச் சான்று ஒருதலைப்பட்சமானது, எனவே நம்ப முடியாது." சான்றுக் கேள்விகளில் மதிப்பெண்ணை அதிகம் காவு வாங்கும் வாக்கியம் இதுதான். ஒருதலைப்பட்சமாக இல்லாத சான்று என்று எதுவுமே இல்லை. எதைத் தெரிந்துகொள்ள இந்தச் சான்று உதவும் என்பதுதான் கேள்வி. ஒரு நாஜித் தேர்தல் சுவரொட்டி ஜெர்மனியில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று நமக்குச் சொல்லாது. ஆனால் மக்கள் எதை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று அந்தக் கட்சி கணித்திருந்தது என்பதை அச்சு அசலாகச் சொல்லும்.

பழகிப் பார்க்க அருமையான ஒரு ஜோடி இருக்கிறது. 1946 பிப்ரவரி 22-ல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன் வாஷிங்டனுக்கு ஒரு நீண்ட தந்தி அனுப்புகிறார். அதே வருடம் செப்டம்பர் 27-ல் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் நிக்கோலாய் நோவிகோவ் மாஸ்கோவுக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறார். இரண்டும் பொதுமக்களுக்காக எழுதப்பட்டவை அல்ல, மேலிடத்துக்குப் போன ரகசிய மதிப்பீடுகள். சோவியத் தலைமை வெளியுலகத்தை உள்ளூர அஞ்சுகிறது, செல்வாக்கைப் பரப்பப் பார்க்கிறது, உறுதியாக எதிர்த்து நின்றால் பின்வாங்கும் என்கிறார் கென்னன். அமெரிக்கா உலக ஆதிக்கத்தை நாடுகிறது, அதற்கு அடையாளம் அதன் ராணுவ தளங்களும் ராணுவச் செலவும் என்கிறார் நோவிகோவ்.

இரண்டின் தமிழாக்கச் சுருக்கமோ மூலத்தின் பகுதியோ கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யார் எழுதியது, யாருக்கு, எந்த மாதத்தில், எதற்காக என்ற நாலு கேள்வியையும் கேளுங்கள். கென்னன் எழுதியபோது அவருடைய அரசு சோவியத் நடத்தைக்கு விளக்கம் கேட்டிருந்தது. நோவிகோவின் அறிக்கை வெளியுறவு அமைச்சர் மொலடோவின் வழிகாட்டலில் எழுதப்பட்டது. அதாவது மேலிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதும் அதற்குள் இருக்கிறது. இரண்டு பேரும் எதிராளியைப் பற்றி ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருப்பதைக் கவனித்தீர்களானால், பரஸ்பர அவநம்பிக்கை என்ற சொல்லை நீங்கள் வெறுமனே எழுத மாட்டீர்கள், அதற்குச் சான்றோடு எழுதுவீர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே மார்ச் 5-ல் வந்தது சர்ச்சிலின் புகழ்பெற்ற இரும்புத்திரைப் பேச்சு. அதைப் பற்றி எழுதும்போது "பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில்" என்று போடாதீர்கள். 1945 ஜூலைத் தேர்தலில் அவர் தோற்றுவிட்டார். பேசியது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஃபுல்டன் என்ற சிற்றூரில், அதிபர் ட்ரூமன் மேடையில் இருக்கும்போது. பதவியில் இல்லாத ஒருவர் பேசினார், பதவியில் இருப்பவர் அருகில் இருந்து கேட்டார் என்பதே சான்றாகப் பயன்படுத்த வேண்டிய தகவல்.

படி 6: வரலாற்றாசிரியர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள்?

கட்டுரையில் நாலு வரலாற்றாசிரியர் பெயரைத் தூவினால் மதிப்பெண் கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பெயர் மட்டும் போதாது, அவர் எதை வைத்து வாதாடுகிறார் என்று தெரிய வேண்டும். குறைவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் உள்ளே போய்த் தெரிந்துகொள்ளுங்கள்.

உதாரணம்: முதல் உலகப் போருக்கு யார் பொறுப்பு? 1919-ல் வெர்சாய் உடன்படிக்கையின் 231-வது பிரிவு ஜெர்மனி மேலும் அதன் கூட்டாளிகள் மேலும் பொறுப்பைச் சுமத்தியது. அதன் பிறகு, எல்லா நாடுகளும் சேர்ந்து தடுமாறி விழுந்த போர் என்ற கருத்து மெல்ல வலுத்தது. 1961-ல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஃப்ரிட்ஸ் ஃபிஷர் அதை உடைத்தார். போர் தொடங்கிய ஒரு மாதத்தில், 1914 செப்டம்பர் 9 தேதியிட்டு ஜெர்மன் சான்சலர் அலுவலகத்தில் தயாரான போர் இலக்குப் பட்டியலை அவர் வெளிக்கொண்டுவந்தார். பெல்ஜியத்தை அடக்கிவைப்பது, பிரான்சைப் பலவீனமாக்குவது, மத்திய ஐரோப்பாவை ஜெர்மனியின் பொருளாதாரப் பிடிக்குள் கொண்டுவருவது என்று போகிறது அந்தப் பட்டியல். இதற்காகத்தான் ஜெர்மனி போரை விரும்பியது என்பது ஃபிஷரின் வாதம்.

இப்போது நம் கேள்வியைக் கேளுங்கள்: அந்தப் பட்டியல் எப்போது எழுதப்பட்டது? போர் தொடங்கிய பிறகு. அப்படியானால் போருக்கு முன்பிருந்த நோக்கத்துக்கு அது சான்றாகுமா? ஃபிஷரை எதிர்த்தவர்களின் முக்கியமான மறுப்பு இதுதான். ஒரு தேதியைப் பார்த்து நீங்களே அந்த விவாதத்துக்குள் நுழைய முடிகிறது, பாருங்கள்.

சில சமயம் சண்டை மாறுவதற்குக் காரணம் புதிய ஆவணம். 1962 அக்டோபரில் கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்பப் பெற சோவியத் ஒன்றியம் ஒப்புக்கொண்டபோது, அது அமெரிக்க அதிபர் கென்னடியின் உறுதிக்குக் கிடைத்த வெற்றி என்றே எழுதினார்கள். துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளையும் எடுத்துவிடுவதாகக் கென்னடி தரப்பு ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தது. அது பல வருடங்கள் மறைத்தே வைக்கப்பட்டது. அந்தப் பேரம் தெரிந்த பிறகு நெருக்கடி நீடித்த அதே பதின்மூன்று நாட்களை வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கிறது.

படி 7: கட்டுரை

கேள்வியில் மூன்று இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள்: என்ன செய்யச் சொல்கிறது (விவரி, ஒப்பிடு, மதிப்பிடு, எந்த அளவுக்கு), எந்தக் காலம், எந்தக் காரணத்தைக் கேள்வியே முன்வைக்கிறது. பிறகு ஐந்து நிமிடம் திட்டம். திட்டம் போடாமல் எழுதுகிறவர்கள் இரண்டாவது பக்கத்தில் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

"பனிப்போர் தொடங்கியதற்கு எந்த அளவுக்குக் கொள்கை வேறுபாடு காரணம்?" என்று கேள்வி வந்தால், வழக்கமாக வரும் பத்தி இப்படி இருக்கும்:

"அமெரிக்கா முதலாளித்துவ நாடு. சோவியத் ஒன்றியம் கம்யூனிச நாடு. இரண்டுக்கும் கொள்கை வேறுபாடு இருந்தது. அதனால் பனிப்போர் ஏற்பட்டது. 1947-ல் ட்ரூமன் கோட்பாடு அறிவிக்கப்பட்டது. 1949-ல் நேட்டோ உருவானது."

ஒரு தவறும் இல்லை. ஒரு வாதமும் இல்லை. அதே தகவல்களை வைத்து, "ஏன் அப்போது?" என்று கேட்டுவிட்டு எழுதினால்:

"கொள்கை வேறுபாடு 1917-லிருந்தே இருந்தது. ஆனாலும் 1941 முதல் 1945 வரை இந்த இரண்டு நாடுகளும் ஒரே அணியில் நின்று போரிட்டன. ஆகவே கொள்கை வேறுபாடு மட்டுமே மோதலை உண்டாக்கப் போதுமானதாக இருக்கவில்லை. 1945-ல் மாறியது சூழ்நிலை: பொது எதிரி வீழ்ந்தது, கிழக்கு ஐரோப்பா செம்படையின் வசம் இருந்தது, ஜெர்மனியை என்ன செய்வது என்பதில் உடன்பாடு இல்லை. 1947 பிப்ரவரியில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது என்று பிரிட்டன் கைவிரித்தபோது அந்த வெற்றிடத்தை நிரப்ப அமெரிக்கா முன்வந்தது. மார்ச் 12-ல் ட்ரூமன் கோட்பாடு பிறந்தது. ஆனால் இந்த அதிகாரப் போட்டியை இரு வாழ்க்கை முறைகளுக்கு இடையிலான போராட்டமாக ட்ரூமன் சித்தரித்ததற்குக் கொள்கை வேறுபாடே மொழி தந்தது. கொள்கை வேறுபாடு மோதலை மூட்டவில்லை. மூண்ட மோதலைச் சமரசம் செய்ய முடியாததாக ஆக்கியது."

கடைசி வரியோடு நீங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. மறுத்தும் எழுதலாம். மறுக்க முடிகிற மாதிரி ஒரு கருத்து அங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

ஒவ்வொரு பத்தியையும் எழுதி முடித்ததும் அதன் முதல் வரியை மட்டும் படித்துப் பாருங்கள். ஐந்து பத்தியின் முதல் வரிகளைத் தொடர்ந்து படித்தால் உங்கள் வாதம் முழுசாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது இன்னும் கட்டுரை ஆகவில்லை.

அடிக்கடி வழுக்கும் இடங்கள்

ரஷ்யாவின் பிப்ரவரிப் புரட்சி நம் நாட்காட்டிப்படி 1917 மார்ச்சிலும், அக்டோபர் புரட்சி நவம்பர் 7-லும் நடந்தன. அன்றைய ரஷ்யா 13 நாள் பின்தங்கிய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. எந்த நாட்காட்டி என்று முதலிலேயே ஒரு வரி எழுதிவிட்டு அதையே கடைசி வரை கடைப்பிடியுங்கள்.

வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியோடு மட்டும்தான். ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா, உதுமானியப் பேரரசு ஒவ்வொன்றுக்கும் தனி உடன்படிக்கை உண்டு. உதுமானியர்களோடு 1920-ல் போட்ட செவ்ரே உடன்படிக்கை நிற்கவில்லை. அதற்குப் பதிலாக 1923-ல் லோசான் உடன்படிக்கை வந்தது.

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பர் 1-ல் தொடங்கியது என்பது ஐரோப்பாவின் கணக்கு. சீனாவும் ஜப்பானும் 1937 ஜூலையிலிருந்தே முழுப் போரில் இருந்தன.

காலனி நாடுகளின் விடுதலையைப் பின்னிணைப்பு போலப் படித்துவிட்டுப் போகாதீர்கள். 1960 என்ற ஒரே வருடத்தில் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. ஏன் 1960? ஏன் அங்கோலாவும் மொசாம்பிக்கும் 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது? இரண்டாவது கேள்விக்கு விடை ஆப்பிரிக்காவில் மட்டும் இல்லை, 1974 ஏப்ரலில் லிஸ்பனில் ராணுவ அதிகாரிகள் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்ததிலும் இருக்கிறது.

படி 8: திரும்பப் படிப்பதும், எழுதிப் பழகுவதும்

நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது திருப்புதல் ஆகாது. வெள்ளைத் தாளை எடுங்கள். "1917" என்று நடுவில் எழுதிவிட்டு நினைவில் உள்ளதை எல்லாம் கொட்டுங்கள். பிறகு நோட்டைத் திறந்து விட்டதைச் சிவப்பில் சேருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி, ஒரு மாதம் கழித்து மறுபடி. சிவப்பு குறைந்துகொண்டே வரும்.

முதல் வருடம் வாரத்துக்கு ஒரு பத்தி எழுதினால் போதும், நேரம் பார்க்க வேண்டாம். இரண்டாம் வருடம் தொடங்கியதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முழுக் கட்டுரை, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கையால். திருத்திக் கொடுக்க ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால் கூடப் படிக்கிறவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தவர் கட்டுரையில் வாதம் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும் கண்தான் உங்கள் கட்டுரையிலும் அதைக் காட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை வந்துகொண்டே இருக்கும். யூதப் படுகொலையில் சுமார் 60 லட்சம், இரண்டாம் போரில் சோவியத் ஒன்றியம் மட்டும் இழந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம். தேர்வு நெருங்க நெருங்க இவை வெறும் எண்களாக மரத்துப்போகும். அப்படி ஆகாமல் இருக்க, ஒவ்வொரு பெரிய அத்தியாயத்துக்கும் அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரே ஒரு சாதாரண மனிதரின் கடிதத்தையோ நாட்குறிப்பையோ ஒரு பக்கமாவது படியுங்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் எழுதும் வாக்கியத்தில் ஒரு கவனம் இருக்கும். திருத்துகிறவருக்கு அது தெரியும்.

இன்றே தொடங்க ஒரு பயிற்சி

நவம்பர் 9. ஜெர்மன் வரலாற்றில் இந்தத் தேதி நான்கு முறை வருகிறது. 1918-ல் கைசர் என்ற பேரரசரின் ஆட்சி முடிந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923-ல் முனிச்சில் ஹிட்லரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1938-ல் அன்றிரவு நாடு முழுக்க யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் தாக்கப்பட்டன. 1989-ல் பெர்லின் சுவர் திறந்தது.

இவற்றில் எவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, எது தற்செயல்? இரண்டு துப்பு தருகிறேன். 1923-ல் ஹிட்லர் வசைபாடியது 1918-ல் குடியரசை உண்டாக்கிய "நவம்பர் குற்றவாளிகளை". 1938-ல் அன்றிரவு நாஜித் தலைவர்கள் முனிச்சில் கூடியிருந்தது 1923-ன் நினைவு நாளுக்காக. 1989-ஐப் பற்றித் துப்பு கிடையாது. அன்று மாலை கிழக்கு பெர்லினில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சியின் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி என்ன சொன்னார் என்று தேடிப் படித்துவிட்டு, வலப்பக்கத்தில் நீங்களே எழுதுங்கள்.